வீதித் தொழிலாளரும் விரைவு வீதிகளும்



ஒரு நாட்டின் முன்னேற்றத்தை அதன் வீதிகளைக் கொண்டு அளவிடுவோர் உளர். வீதி இல்லையேல் விளைபொருள் சந்தையை அடையாது. நோயாளி வைத்தியசாலையை அடையார். மாணவர் பாடசாலையை அடையார். இத்துணை நன்மைகளுக்கும் காரணமான வீதித் தொழிலாளரைப் பற்றி நாம் சிந்திப்பதோ மிகக் குறைவு. வாகனங்கள் விரைந்து செல்லும் வீதிகளில் அவர்களுடைய உயிருக்குப் பாதுகாப்பளிப்பது எவ்வாறு என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்வோர் கடுகண்ணாவையில் உயர்ந்த கோபுரம் ஒன்றைக் காண்பர். கண்டி வீதியை அமைத்த பொறியியலாளர் டோசன் என்பாரின் நினைவாக 1832 ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. அவர் புகழ் நிலைக்கத் தக்கதே. ஆயினும், அக்காலத்து வீதிகளுக்காக மலையைக் குடைந்து கல்லுடைத்த இராசகாரிய ஊழியரின் பெயர்களோ, தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்ட 'பயனியர்' படையினரின் பெயர்களோ எக்கோபுரத்திலும் இல்லை. அன்று வீதித் தொழிலாளரை அச்சுறுத்தியவை காய்ச்சலும் பாறையும் ஆம். இன்று அவர்களை அச்சுறுத்துவது வேகம்.

நம் நாட்டின் முதலாவது அதிவேக நெடுஞ்சாலை கொட்டாவைக்கும் காலிக்கும் இடையே 2011 ஆம் ஆண்டு நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம் அங்கு அனுமதிக்கப்பட்ட எல்லையாகும். பின்னர் கட்டுநாயக்கா நெடுஞ்சாலை முதலியனவும் தோன்றின. வடக்கு நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியும் செப்பனிடப்பட்டபின் அதன் நேரான பகுதிகளிலே வாகனங்கள் பறந்து செல்வதைக் காண்கிறோம். இவ்வீதிகள் ஒருமுறை அமைத்துவிட்டால் தாமாகவே நிலைத்திருப்பவை அல்ல. புல் வெட்ட வேண்டும். மதகு துப்புரவாக்க வேண்டும். பள்ளத்தை நிரப்ப வேண்டும். கோடு தீட்ட வேண்டும். இவையனைத்தையும் ஓடும் வாகனங்களின் அருகிலே நின்றே செய்ய வேண்டியிருக்கின்றது.

வேகம் என்பது யாது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் மோட்டார் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கின்றது. அபாயத்தைக் கண்ட சாரதி தடுப்பை மிதிப்பதற்கு ஒன்றரைச் செக்கன் ஆகுமெனின், அதற்குள் 42 மீற்றர் சென்றுவிடும். தடுப்பு இறுகிய பின்பும், உலர்ந்த வீதியிலேயே மேலும் 55 மீற்றர் அளவு ஓடியே வண்டி நிற்கும். இரண்டையுங் கூட்டினால் நூறு மீற்றருக்குச் சற்றே குறைவு. வேகம் 50 கிலோமீற்றராயின் இத்தொலைவு 35 மீற்றரளவே. வேகம் இருமடங்காகும்போது நிறுத்தும் தொலைவு ஏறக்குறைய மும்மடங்காகின்றது. மோதலின் ஆற்றலோ நான்மடங்காகின்றது. மழை பெய்தால் தொலைவு இன்னும் நீளும். ஐம்பது மீற்றருக்கு அப்பால் நின்று சிவப்புக் கொடியசைக்கும் ஒருவரால் தம்மையும் காக்க இயலாது, தம் தோழரையும் காக்க இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? பாதுகாப்பு முறைகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது, தொழிலாளரையும் வாகனத்தையும் ஒரே இடத்தில் இல்லாமற் செய்தல். அதாவது, வேலை நடைபெறும்போது வீதியையோ அதன் ஒரு தடத்தையோ முற்றாக மூடிவிடுதல். இரண்டாவது, அது இயலாவிடின் இடையே உறுதியான தடையை நிறுத்துதல். கொங்கிறீற்றுத் தடுப்புகளும், பின்புறத்தில் மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்தப்பட்ட கனரக லொறியும் இதற்கெனவே உள்ளன. மூன்றாவது, வேகத்தைக் குறைப்பித்தல். நான்காவது, போதிய தொலைவில் எச்சரித்தல். அமெரிக்க நாட்டு விதிமுறைகளின்படி விரைவு வீதியில் முதலாவது எச்சரிக்கைப் பலகை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் முன்னதாகவே நாட்டப்படுகின்றது. பின்னர் கூம்புகள் தடத்தைச் சிறிது சிறிதாக ஒடுக்குகின்றன. அதற்கப்பால் ஒருவரும் நில்லாத வெற்றிடம் விடப்படுகின்றது. அதன் பின்னரே வேலைத்தலம். வழி தவறி வரும் வண்டி நிற்பதற்கே அவ்வெற்றிடம். ஐந்தாவதாக, இறுதியில் வருவதே ஒளிரும் மேலங்கி.

நாமோ இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்டுள்ளோம். ஒரு மேலங்கியை அணிவித்து, ஒரு தார்ப் பீப்பாயை நிறுத்தி, அதன்மேல் மரக்கிளையொன்றைச் செருகிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் இடங்கள் பல. மேலங்கி தேவையே, ஆனால் அது மதிலன்று. அதன் இயல்பையும் அறிதல் வேண்டும். அதன் ஒளிர்நிறம், சூரிய ஒளியிலுள்ள புறவூதாக் கதிர்களைக் கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக மாற்றுவதனாலேயே பளிச்சிடுகின்றது. சூரியன் மறைந்தபின் அது பயன்படாது. இரவில் உதவுவது, வண்டியின் விளக்கொளியை வந்த வழியே திருப்பியனுப்பும் வெள்ளிப் பட்டியே. தூசியும் தாரும் படிந்த மேலங்கி இவ்விரண்டையும் இழந்துவிடும். அணிவித்தால் மட்டும் போதாது. கழுவவும் காலத்தில் மாற்றவும் வேண்டும்.

அபாயம் வெளியிலிருந்து மாத்திரம் வருவதன்று. வேலைத்தலத்தினுள்ளே பின்னோக்கி வரும் லொறியும் உருளையும் தொழிலாளரை நசுக்குவதுண்டு. சாரதியின் கண்ணுக்குத் தெரியாத பகுதி கனரக வண்டிகளுக்கு மிகப் பெரிது. நடப்போருக்கென ஒரு பாதையை ஒதுக்குதலும், பின்னோக்கி வரும் வண்டிக்கு வழிகாட்டும் ஒருவரை நிறுத்துதலும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குறைந்த தொகை கோருவோருக்கே ஒப்பந்தம் என்னும் முறையிலே, முதலில் வெட்டப்படுவது பாதுகாப்புச் செலவேயாகும். தாருக்கும் சல்லிக்கும் தனித்தனியே தொகை குறிப்பதுபோலத் தடுப்புக்கும் பலகைக்கும் விளக்குக்கும் தனித் தொகை குறித்து, அதனை ஒருவரும் குறைக்கவியலாதவாறு செய்தல் வேண்டும். நாட்கூலி பெறும் தொழிலாளர், "இவ்விடம் ஆபத்தானது, நான் நில்லேன்" என்று கூறத் துணியார், கூறினால் மறுநாள் வேலை இராது. அவருக்காகப் பேச வேண்டியது சட்டமும் ஒப்பந்தமுமே.

இதில் நமக்கென்ன என்று வாகனம் செலுத்துவோர் வினவலாம். அமெரிக்காவில் வீதி வேலைத்தலங்களில் நிகழும் விபத்துக்களில் இறப்போருள் ஐவரில் நால்வர் வரையிலானோர் சாரதிகளும் பயணிகளுமே. ஒழுங்காக அமைந்த வேலைத்தலம் அங்கு நிற்போருக்கு மட்டுமன்றி, அவ்வழியே செல்வோருக்கும் அரணாகும். ஆகலின் எச்சரிக்கைப் பலகையைக் கண்டவுடன் வேகத்தைக் குறையுங்கள்; முன்செல்லும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இடம் விடுங்கள்; கைத்தொலைபேசியைத் தொடாதீர்கள். ஐந்து செக்கன் அதனை நோக்கினால், கண்ணை மூடிக்கொண்டு 140 மீற்றர் சென்றவராவீர்கள்.

வேலைத்தலத்தைக் கடக்கும் ஒரு கிலோமீற்றரை 100 கிலோமீற்றர் வேகத்திற் கடந்தால் 36 செக்கன் ஆகும்; 50 கிலோமீற்றர் வேகத்திற் கடந்தால் 72 செக்கன். இடையே உள்ள வேறுபாடு 36 செக்கனே. வெயிலில் நின்று நமக்கு வீதி சமைப்போர் மாலையில் தம் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்வதற்கு நாம் கொடுக்க வேண்டியது அவ்வளவே. அதனைக் கொடுக்க மறுப்பவர் நம்முள் எவரும் இருத்தல் கூடாது.