ஊருக்கு வரும் கண்ணாடி இழை

(ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயிகளும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில், தருமபுரி மாவட்ட வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, வாய்க்கால் உண்டு. கடைமடைக்குத் தண்ணீர் வராவிடில் உழவர் மண்வெட்டியைத் தோளில் இட்டுக்கொண்டு கரையோரமாக நடப்பார். அடைப்பு மதகிலா, வாய்க்காலிலா என்பதைச் சிறிது நேரத்தில் கண்டறிந்துவிடுவார். ஆனால் ஊராட்சி அலுவலகக் கணினி நின்றுவிட்டால் மட்டும், ‘நெட் இல்லை’ என்ற இரண்டு சொற்களோடு நாம் வீடு திரும்பி விடுகிறோம். வீட்டு வரி செலுத்துவதும், பட்டா நகல் பெறுவதும், சந்தை விலை அறிவதும் இன்று இந்த வழியாகவே நடைபெறுகின்றன. ஆகவே, வாய்க்காலை அறிந்ததுபோல் வலையமைப்பையும் அறிந்துகொள்வது நம் கடமையாகிறது. அது கடினமான கல்வியன்று.

வலையமைப்பு என்பது யாது?

இரண்டு கணினிகள் செய்தி பரிமாறிக்கொள்ள ஏற்படுத்தப்படும் தொடர்பே வலையமைப்பு. ஓர் அலுவலகத்திலுள்ள கணினிகளையும் அச்சுப்பொறியையும் இணைப்பது சிறு வலையமைப்பு. இத்தகைய வலையமைப்புகள் எண்ணிறந்தவை ஒன்றோடொன்று பிணைந்ததே இணையம். 1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் ‘அர்பாநெட்’ என்னும் வலையமைப்பில் முதற்செய்தி சென்றது. 1983 ஜனவரி 1 முதல் அது ‘டி.சி.பி., ஐ.பி.’ எனப்படும் பொது விதிமுறையைக் கைக்கொண்டது. நம் நாட்டுப் பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15 அன்று இணைய வசதி திறந்துவிடப்பட்டது.

செய்தி எவ்வாறு செல்கிறது?

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சேலம் மண்டிக்கு நூறு மூட்டை புளி அனுப்புவதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றாமல், ஒவ்வொரு மூட்டையிலும் வரிசை எண்ணும் மண்டியின் முகவரியும் எழுதி, பல வண்டிகளில் அனுப்புகிறோம். சில வண்டிகள் மஞ்சவாடிக் கணவாய் வழியே போகும்; சில தருமபுரி சென்று தொப்பூர்க் கணவாய் வழியே போகும். தொப்பூரில் லாரி கவிழ்ந்து பாதை அடைபட்டால், எஞ்சியவை மஞ்சவாடி வழியே திரும்பிவிடும். மண்டிக்காரர் எண் வரிசைப்படி மூட்டைகளை அடுக்குவார். முப்பத்தேழாம் மூட்டை வரவில்லையெனில் மீண்டும் அனுப்புமாறு கேட்பார்.

கணினியும் இதனையே செய்கிறது. நாம் அனுப்பும் கடிதத்தையோ படத்தையோ சிறு சிறு பொட்டலங்களாகப் பிரித்து, எண்ணிட்டு அனுப்புகிறது. சந்திதோறும் நின்று ‘இது இவ்வழி’ என்று திருப்பிவிடும் கருவிக்கு ‘ரூட்டர்’ என்று பெயர். தமிழில் திசைவி என்பர்.

முகவரி என்றோமல்லவா? ஊரில் ஒரு நிலத்தை ‘ஆலமரத்துக் காடு’ என்று அழைக்கிறோம். பதிவேட்டில் அதற்குப் புல எண் உண்டு. அவ்வாறே ஒவ்வோர் இணையதளத்துக்கும் நாம் சொல்லும் பெயர் ஒன்று. கணினி அறியும் எண் ஒன்று. பெயரைக் கொடுத்தால் எண்ணை எடுத்துத் தரும் பதிவேடும் இணையத்தில் உண்டு. அந்த எண் பழைய முறைப்படி நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை இருக்கலாம். இவ்வாறு சுமார் 429 கோடி முகவரிகளே கிடைக்கும். அவை போதாமையால் மேலும் நீண்ட எண்முறை ஒன்றும் இன்று வழக்கில் உள்ளது.

கண்ணாடி இழை

2011-ஆம் ஆண்டு மத்திய அரசு ஊராட்சிகளையெல்லாம் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் ‘பாரத்நெட்’ எனப் பெயர் பெற்றது. நம் மாநிலத்தில் இதனை நிறைவேற்றத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. திட்டம் வகுத்தபோது கணக்கிடப்பட்ட ஊராட்சிகள் 12,525. இழையைப் பெரும்பாலும் மின்கம்பங்களின் வழியே மேலே இழுத்தும், சில இடங்களில் மண்ணில் புதைத்தும் கொண்டுவருகின்றனர்.

இந்த இழை தலைமுடி போன்று மெல்லியது. இதனுள் மின்சாரம் ஓடுவதில்லை; ஒளியே ஓடுகிறது. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். செம்பு இருக்குமென எண்ணி இதனை வெட்டுவோர்க்குக் கிடைப்பது ஏதுமில்லை. மின்கம்பியைப்போல் முறுக்கி ஒட்டுப்போடவும் இயலாது. அதற்குரிய கருவி கொண்டு, பயிற்சி பெற்றவர் உருக்கி இணைத்தல் வேண்டும்.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பெருநகரங்களுக்கிடையே தொப்பூரும் மஞ்சவாடியும் போல் பல பாதைகள் உண்டு. ஊருக்குள் வரும் இழையோ பெரும்பாலும் ஒற்றையடிப் பாதையே! குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் இயந்திரம் ஒருமுறை அதனைக் கிழித்தால் ஊரே துண்டிக்கப்படும். அதனைக் காக்கும் பொறுப்பு உள்ளூராரையே சேரும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது: சாலைக்கோ குழாய்க்கோ மண் தோண்டும் முன்னர், இழை செல்லும் தடத்தை விசாரித்து அடையாளமிடச் செய்யுங்கள். மேலே செல்லும் இழைமீது மரக்கிளை சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: கருவிகள் உள்ள அறை பூட்டிய, நனையாத, தூசியற்ற அறையாக இருக்கட்டும். மின்தடைக் காலத்துக்கான மின்கலம் நல்ல நிலையில் உள்ளதா என்று அவ்வப்போது பாருங்கள்.

மூன்றாவது: இணைப்பு நின்றால் வாய்க்காலைப் பார்ப்பதுபோல் படிப்படியாகப் பாருங்கள். கருவிக்கு மின்சாரம் வருகிறதா? அடுத்து, ஒளி வருகிறதா? வீடுகளுக்குத் தரும் பெட்டிகள் பலவற்றில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற எழுத்துகளின் அருகே சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். ஒளி வருகிறதெனில், பழுது அறைக்குள் உள்ள கம்பியிலா, கணினியிலா? வேறொரு கணினியில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஓர் இணையதளம் மட்டும் திறவாவிடில், குறை அந்தத் தளத்திலிருக்கலாம். இவற்றைக் குறித்துக்கொண்டு புகார் அளித்தால் பழுது விரைவில் நீங்கும். அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். கண்ணுக்குப் புலப்படாத அவ்வொளி பார்வையைக் கெடுக்கும்.

நான்காவது: கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி ஒட்டாதீர்கள். கைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

ஓர் உதாரணம்

புதுச்சேரிப் பகுதியில் 1998-ஆம் ஆண்டு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. கடல் அலையின் உயரத்தை இணையத்தில் அறிந்து, மீனவர் குப்பங்களில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் ஆழிப்பேரலை குறித்து எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி முழங்கியது. மக்கள் வெளியேறி உயிர் தப்பினர். தொலைவிலிருந்து வந்த செய்தியைப் பயனாக்கியது, ஊரிலேயே பழுதின்றிக் காக்கப்பட்ட ஓர் ஒலிபெருக்கி என்பதை மறத்தல் ஆகாது.

நம் மாவட்டத்தில் கடல் இல்லை. ஆனால் மழை எச்சரிக்கை உண்டு. தக்காளி விலை உண்டு. பட்டுக்கூடு விலை உண்டு. மருத்துவ உதவி வேண்டும் மலையூர்கள் உண்டு. ஏரி மராமத்துக்கு ஊர்கூடி நின்றவர்கள் நம் முன்னோர். கண்ணாடி இழையும் ஊர்ப் பொதுச் சொத்தே. ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆண், பெண் இருபாலரிலும் இளைஞர் இருவரையேனும் தேர்ந்து இவற்றைக் கற்பித்து, பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைக்குமாறு உங்களை அன்புடன் வேண்டுகிறோம்.