வேலை போனாலும் கூலி போகாது

ஹைதராபாத்தில் பிழைப்பு நாடி வந்த தமிழர் பலர், முதலாளி நம்மை நீக்கிவிட்டால் வரவேண்டிய சம்பளமும் அத்துடன் போயிற்று என்று எண்ணியிருப்பதைக் காண்கிறோம். சட்டம் அவ்வாறு கூறவில்லை.

2019 அக்டோபரில் தெலங்கானாவில் அரசுப் பஸ் ஊழியர் வேலைநிறுத்தம் செய்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேலைக்கு வராத சுமார் 48,000 பேர் தாமே வேலையை இழந்துவிட்டதாக மாநில அரசு அறிவித்தது. முன்மாதம் முழுவதும் உழைத்து ஈட்டிய செப்டம்பர் மாதச் சம்பளமும் நின்றது. தசராக் காலம் வேறு! வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பணமில்லை என்றது போக்குவரத்துக் கழகம். நவம்பர் இறுதியில் அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். டிசம்பரில்தான் அச்சம்பளம் கைக்கு வந்தது. வேலையில் நீடிக்கும் உரிமை வேறு, செய்த வேலைக்குரிய கூலி வேறு.

2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள ஊதியச் சட்டத்தொகுப்பின்படி, நீக்கப்பட்டவருக்கு இரண்டு வேலைநாட்களுக்குள் சம்பளம் தீர்க்கப்பட வேண்டும். தவறினால், மூன்றாண்டுகளுக்குள் அதற்கென அமர்த்திய அதிகாரியிடம் முறையிடலாம். ஐந்தாண்டு தொடர்ந்து உழைத்தவருக்குப் பணிக்கொடையும் உண்டு. அலட்சியத்தால் நஷ்டம் விளைவித்து நீக்கப்பட்டவரிடமும், அந்நஷ்டத்தின் அளவே அதில் பிடிக்கலாம். சேமநிதியோ ஊழியரின் சொந்தப் பணம்.

நமது தொழில் மொழிபெயர்ப்பு ஆதலின் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால், பொருள் அறியாமலே கையொப்பமிடுவோர் நம்மவரில் மிகுதி. படித்துச் சொல்ல ஒருவர் வரும்வரை பேனாவை எடுக்க வேண்டாம். வேலைக்கு அமர்த்திய கடிதமும் சம்பளச் சீட்டுகளும் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். அதிகாரி முதலில் கேட்பவை அவையே.