கல் சூப்பு



போர்த்துக்கல் நாட்டுக் கதையொன்றை நினைவுகூர்வோம். பசியோடு வந்த துறவிக்கு ஒரு வீட்டில் பிச்சை கிடைக்கவில்லை. "அப்படியானால் கல்லிலே சூப்பு வைத்துக்கொள்கிறேன்" என்று கீழே கிடந்த கல்லை எடுத்துத் துடைத்தார். வீட்டாருக்குச் சிரிப்பு, வேடிக்கை பார்க்க ஆசை. சட்டியும் தண்ணீரும் கொடுத்தார்கள். "சிறிது கொழுப்பு இருந்தால் ருசிக்கும்" என்றார். வந்தது. பிறகு உப்பு, பிறகு கோசுக்கீரை, பிறகு தொத்திறைச்சியும் வந்தது! குடித்து முடித்ததும், "கல் என்ன ஆகும்?" என்றார்கள். "கழுவி எடுத்துப்போவேன், இன்னொரு நாளைக்கு உதவும்" என்றார்.

தெயோஃபிலோ பிராகா 1883-இல் வெளியிட்ட நாட்டுக்கதைத் தொகுப்பில் இக்கதை உண்டு. அல்மெய்ரிம் ஊரார் இதைத் தங்கள் ஊர்க் கதை என்பார்கள். அங்குள்ள உணவகங்களில் சிவப்பு பீன்ஸ், உருளைக்கிழங்கு, பன்றிக் காது, தொத்திறைச்சி, கொத்துமல்லி சேர்த்து இன்றும் இந்தச் சூப்பு வைக்கிறார்கள். அடியில் ஒரு கல்லும் கிடக்கும்.

துறவி செய்தது ஏமாற்றுத்தானே? குருமடத்தில் நாம் படித்த அறநெறிப்படி அவருக்குத் தப்ப வழியில்லை. ஆனால் பிச்சை என்றபோது மூடிய கை, சேர்ந்து சமைப்போம் என்றதும் திறந்ததே, அதுதான் நம்மை உறுத்துகிறது. ஜூபிலி நன்கொடைப் புத்தகத்தோடு நாமும் வீடு வீடாக ஏறியவர்கள்தாமே! கல் ஒன்றைத்தான் கொண்டுபோகவில்லை.