நலவாழ்வு அறிக்கையைச் சங்கம் எப்படி வாசிப்பது?

(தகவல் தொழில்நுட்பத் துறைத் தொழிற்சங்கத் தோழர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



பெங்களூரு, புனே, நொய்டா போன்ற நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களில் ஊழியர்களின் நலவாழ்வைக் கேள்வித்தாள் கொண்டு அளக்கும் வழக்கம் பரவியுள்ளது. உறக்கம் எப்படி, மேலாளர் மதிக்கிறாரா, வேலை முடிந்தபின் மனம் ஓய்கிறதா என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இடச் சொல்கிறார்கள். பின்னர் குழுவுக்கென ஓர் அறிக்கை வருகிறது. பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். கடைசிப் பக்கத்தில் யோகா வகுப்புக்கு அழைப்பு. குறைந்த மதிப்பெண் இட்ட இளம் ஊழியர், தன் மனவலிமைதான் போதவில்லை என்று நம்பத் தொடங்குகிறார். சங்கம் தலையிட வேண்டிய இடம் இதுதான்.

முதலில் சராசரியைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவின் சராசரி 3.5 எனக் கொள்க. பன்னிருவரும் அதையொட்டியே பதிலளித்திருக்கலாம். எட்டுப் பேர் 4.5 வீதமும் நான்கு பேர் 1.5 வீதமும் இட்டிருந்தாலும் கணக்கு அதே 3.5தான். அந்த நால்வரும் அமெரிக்க வாடிக்கையாளருக்காக இரவு ஷிப்ட் பார்ப்பவர்களாயின், அவர்களுடைய துன்பம் மஞ்சள் கட்டத்துக்குள் மறைந்துபோகும். ஆகவே ஷிப்ட் வாரியாகவும், நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் வாரியாகவும் முடிவுகளைக் கேட்க வேண்டும். சிறு குழுவைப் பிரித்தால் யார் என்ன சொன்னார் என்று வெளிப்பட்டுவிடும் என நிர்வாகம் மறுக்கும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே ஷிப்டில் உள்ள பல குழுக்களைச் சேர்த்துக் கேட்டால் அந்தத் தடை நீங்கும்.

பதிலே தராதவர்கள் எத்தனை பேர் என்பதும் முக்கியம். ஊழியர் எண்ணைப் பதிந்து உள்நுழைந்தபின் திறக்கும் படிவத்தில், அதுவும் ஊதிய உயர்வு முடிவாகும் மாதத்தில், எவர் மனம்திறந்து எழுதுவார்?

அடுத்தது, எந்தக் கேள்விகளில் மதிப்பெண் சரிந்தது என்பது. 1979இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் காரசெக் முன்வைத்த கருத்து இங்கே உதவும். வேலையின் நெருக்குதல் மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போதே மன அழுத்தம் உச்சத்தை எட்டுகிறது என்றார் அவர். ‘வேலைப்பளு’, ‘முடிவெடுக்கும் உரிமை’ ஆகிய இரண்டு வரிகளும் ஒருசேரச் சிவந்திருக்கும் குழுவுக்கு யோகா ஆசிரியரால் ஆகப்போவது சொற்பம். அங்கே ஆள் பற்றாக்குறையும், கலந்துபேசாமல் திணிக்கப்படும் கெடுவும் உள்ளனவா என்றே விசாரிக்க வேண்டும்.

இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிடப் பக்கவாத அபாயம் சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். 2016இல் நீண்ட வேலைநேரத்தால் நேர்ந்த மரணங்கள் 7,45,000. இந்த உண்மை தெரிந்த பிறகும், 2024இல் கர்நாடகத்தில் இத்துறையின் வேலைநாளை 12 மணி நேரத்துக்கு மேலும் நீட்டிக்க இடமளிக்கும் சட்டத்திருத்த முன்மொழிவு வந்தது. ஊழியர் சங்கம் எதிர்த்துக் களமிறங்கியது.

தொழிலாளரைக் கேள்வி கேட்டு அறியும் முறை இயக்கத்துக்குப் புதிதல்ல. 1880இல் மார்க்ஸ், பிரெஞ்சு இதழ் ஒன்றுக்காகச் சுமார் 100 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலைத் தயாரித்தார். வேலைநேரம், இடைவேளை, காற்றோட்டம், விபத்து, கூலி எனக் கண்ணால் காணத்தக்கவற்றையே அதில் பெரிதும் கேட்டார். வந்த பதில்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பதில்கள் சென்றுசேர வேண்டிய இடம் முதலாளியின் மேசையாக இருக்கவில்லை.

எனவே அடுத்த அறிக்கை வரும்போது, அதே மூன்று மாதங்களின் உள்நுழைவு, வெளியேற்ற நேரப் பதிவுகளையும் ஷிப்ட் அட்டவணையையும் சங்கம் சேர்த்துக் கேட்க வேண்டும். கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961 விதித்துள்ள வரம்பு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. சிவப்புக் கட்டத்துக்கு உரிய குழுவில் அந்த வரம்பு எத்தனை வாரங்கள் மீறப்பட்டது என்பதை எண்ணிப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுசெல்லுங்கள்.