குற்றவாளிச் சம்பங்கி



நறுமணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் இனிமை ஒன்றே தோன்றுகிறது. மருந்தின் நெடியை நாம் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை; அதற்கு வீட்டு அலமாரியில் வேறு தட்டு உண்டு. இவ்விரண்டும் ஒரே புட்டியில் அடைபட்டிருந்தால் அதைப் பூசிக்கொள்பவர் என்ன செய்வது? அத்தகைய வாசனைத் திரவியம் ஒன்றைப் பற்றியும், அதைப் பூசிக்கொண்டு அண்டை வீட்டுக்குச் சென்றதால் நான் கற்றுக்கொண்டதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

கொல்கத்தாவின் தென்பகுதியில், லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெரு ஒன்றில் நாங்கள் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அலுவல் நிமித்தமாகப் பாரிஸ் சென்று திரும்பிய என் மகன், எனக்கென்று ஒரு சிறு புட்டி வாங்கிவந்தான். "அம்மா, இது உங்களுக்குப் பிடித்த சம்பங்கிப் பூவின் செண்ட்" என்று சொல்லிக் கையில் கொடுத்தான். ஆவலோடு மணிக்கட்டில் தெளித்துக்கொண்டேன். மறுகணம் மூக்கில் ஏறியது பூ அன்று. புதினாவையும் கற்பூரத்தையும் சேர்த்து அரைத்தாற்போன்ற ஒரு குளிர்ந்த காரம்; அதன் பின்னே புது ரப்பரின் வாடை; சற்றே பெட்ரோல். பக்கத்து அறையிலிருந்து என் கணவர், "யாருக்குத் தலைவலி? தைலம் மணக்கிறதே" என்று குரல் கொடுத்தார். மகனின் முகம் வாடிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களோ என்று அவன் ஐயுற்றான்.

யாரும் ஏமாற்றவில்லை. அந்தத் திரவியத்தின் பெயர் 'த்யுபெரேஸ் கிரிமினெல்'. குற்றவாளிச் சம்பங்கி என்பது அதன் பொருள். செர்ஜ் லூத்தன்ஸ் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் பெயரால் 1999-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதைச் சேர்த்து அமைத்தவர் கிறிஸ்டஃபர் ஷெல்ட்ரேக் என்ற வாசனை வல்லுநர். தொடக்கத்தில் எழும் அந்தத் தைல நெடி பிழையால் நேர்ந்ததன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஏன் அவ்வாறு வைத்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால், முதலில் பூவைச் சற்றே விசாரிக்க வேண்டும்.

நாம் சம்பங்கி என்றும் நிலச்சம்பங்கி என்றும் அழைக்கும் இப்பூவை இங்கே வங்காளத்தில் ரஜனிகந்தா என்கிறார்கள். இந்தி பேசும் நாட்டிலும் அதுவே பெயர். மராட்டியர் நிசிகந்த என்பர், கன்னடத்தில் சுகந்தராஜ. இரவில் மணப்பது என்ற கருத்து முதல் பெயர்களில் அடங்கியிருக்கிறது. ஆயினும் இத்தனை பெயர்களில் எதுவும் இதன் பிறந்த ஊர்ப் பெயரன்று. இதன் தாயகம் மெக்ஸிகோ. அந்நாட்டின் பழங்குடிகளான அஸ்டெக்கு மக்கள் இதை எலும்புப் பூ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஐரோப்பியர் கைக்கு மாறி, கடல் கடந்து இந்தியாவை அடைந்த இப்பூ, இன்று நம் கோயில் மாலையிலும் மணமாலையிலும் இறுதி ஊர்வலத்திலும் இடம் பெற்றுவிட்டது. ஆங்கிலப் பெயரான ட்யூபரோஸ் என்பதில் ரோஜா ஒன்றும் இல்லை. கிழங்கிலிருந்து முளைப்பது என்பதே அச்சொல்லின் பொருள். தாவர நூலாரின் கணக்கில் இது ரோஜாவுக்கு உறவன்று. நம் ஊர் வேலியோரத்து ஆனைக்கற்றாழைக்கே நெருங்கிய உறவு.

இப்போது தைல நெடிக்கு வருவோம். சம்பங்கியின் மணம் ஒரே பொருளால் ஆனதன்று. பற்பல ரஸாயனப் பொருள்களின் கூட்டு. அவற்றுள் ஒன்று மெதில் சாலிசிலேட். மூட்டு வலிக்கும் சுளுக்குக்கும் நாம் தேய்த்துக்கொள்ளும் களிம்புகள் பலவற்றில் மூக்கைத் துளைக்கும் பொருள் இதுதான். நீலகிரிக்குச் சென்றவர்கள் அங்குள்ள கடைகளில் வின்டர்கிரீன் தைலம் விற்கக் கண்டிருப்பார்கள். அம்மலையில் வளரும் கோல்தீரியா என்ற செடியின் இலையிலிருந்து அது வடிக்கப்படுகிறது. அத்தைலத்தின் பெரும்பகுதி மெதில் சாலிசிலேட்டே. சில செடிகள் நோயால் தாக்கப்படும்போது இதே பொருளைக் காற்றில் விடுகின்றன என்றும், அண்டைச் செடிகள் அதை ஒரு எச்சரிக்கையாக ஏற்றுத் தம்மைக் காத்துக்கொள்ள முற்படுகின்றன என்றும் புகையிலைச் செடியில் நடத்திய ஆராய்ச்சியால் 1997-இல் தெரியவந்தது.

சம்பங்கியில் வேறு சில பொருள்களும் உள. யூகலிப்டஸ் தைலத்துக்கு மணம் தரும் பொருள் இப்பூவின் மூச்சிலும் காணப்படுகிறது. இண்டோல் என்ற மற்றொன்று, சிறிதளவில் பூவுக்கு ஆழம் தருவது. அளவு மிகுந்தாலோ பாச்சை உருண்டையையும் அழுகலையும் நினைவூட்டுவது. வெண்ணெய் போன்ற குழைவையும் பழத்தின் இனிமையையும் தருவன வேறு சில. ஆக, சம்பங்கி என்பது இனிமையும் மருந்தும் அழுகலும் ஒருங்கே குடியிருக்கும் ஒரு கூட்டுக் குடும்பம். நாம் இனிமைக்கு மட்டும் வணக்கம் சொல்லி, மற்றவரைப் பார்த்தும் பாராமல் வந்துவிடுகிறோம். ஐயமுற்றால், மாலையில் அப்போதே விரிந்த ஒரு பூவை மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, நிதானமாக முகர்ந்து பாருங்கள். குழைவுக்கு அடியில் அந்தக் குளிர்ந்த காரம் இருப்பது தெரியும்.

இந்தப் பூவுக்கு மற்றொரு தன்மையும் உண்டு. பறித்த பின்னும் இது மணத்தைத் தொடர்ந்து உண்டாக்கிக்கொண்டே இருக்கும். ரோஜாவுக்கு இத்திறம் இல்லை, மல்லிகைக்கு உண்டு. பிரான்ஸின் தென்பகுதியில் உள்ள கிராஸ் நகரத்தார் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். கண்ணாடிப் பலகையில் வாசனையற்ற கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களைப் பரப்பி வைப்பார்கள். பூ தன் மணத்தை மெல்ல மெல்லக் கொழுப்புக்குக் கொடுக்கும். வாடியதும் எடுத்துவிட்டுப் புதுப் பூ வைப்பார்கள். கொழுப்பு மணத்தால் நிறைந்த பின் அதைச் சாராயத்தில் அலசிப் பிரித்தெடுப்பார்கள். இன்று அம்முறை அருகிவிட்டது; கரைப்பான்களைக் கொண்டு சாரம் எடுக்கிறார்கள். இந்தச் சாரத்தை உலகுக்கு அளிக்கும் முதன்மையான நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. சத்தியமங்கலத்திலும் நிலக்கோட்டையிலும் விடியுமுன் சம்பங்கி பறிக்கும் நம் மக்களுள் பலர், இப்பூவின் சாரம் பாரிஸ் நகரத்துக் கடைகளில் புட்டியில் நிற்பதை அறியமாட்டார்கள்.

முன்னாளில் சம்பங்கியைப் புட்டியில் அடைத்தவர்கள் அதன் இனிமையையே பெருக்கினார்கள். 1948-இல் ழெர்மேன் செலியே என்ற பெண்மணி, ராபர்ட் பிகே என்ற ஆடை நிறுவனத்துக்காக அமைத்த 'பிராகா' என்பது அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது. வெண்ணெயாகக் குழைந்து அறை முழுவதையும் நிறைக்கும் மணம் அது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த லூத்தன்ஸும் ஷெல்ட்ரேக்கும் மாற்று வழியில் சென்றார்கள். பூவில் ஒளிந்திருந்த தைலத்தை வாசலுக்கு அழைத்துவந்து நிறுத்தினார்கள். விருந்தாளியை முதலில் வரவேற்பது மருந்து. பூ உள்ளறையில் காத்திருக்கிறது.

இத்தகைய திரவியத்தைப் பூசிக்கொள்ளப் பொறுமை வேண்டும். மணப்பொருள்கள் யாவும் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. இலேசானவை முதலில் பறந்துவிடுகின்றன. கனமானவை தோலோடு தங்குகின்றன. என் கையில் அந்தத் தைல நெடி ஏறக்குறைய அரை மணி நேரம் நிற்கிறது. பிறகு அது விலக, ஈரமான வெண்ணிறப் பூ தலைகாட்டுகிறது. மாலை வரையில் அது போவதில்லை. ஆகவே வெளியே புறப்படுமுன் முக்கால் மணி நேரம் இருக்கும்போதே ஒரே ஒரு முறை தெளித்துக்கொண்டால் போதும் என்று கண்டுகொண்டேன். எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாகவே எண்ணினேன். ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் என் மூக்கை ஒட்டியது. பிறர் மூக்கை நான் எண்ணவில்லை.

எங்கள் மாடிக்குக் கீழ் வீட்டில் ஒரு வங்காளி மூதாட்டி இருக்கிறார். மாஷிமா என்று அழைப்போம். நம் வழக்கில் சித்தி, பெரியம்மா என்பது போல. சென்ற ஆண்டு அவருடைய கணவர் காலமானார். சில மாதங்கள் கழித்து ஒரு பிற்பகலில், வெளியே போகவிருந்த நான், செண்டைத் தெளித்துக்கொண்ட கையோடு, அவரை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று கீழே இறங்கினேன்.

கதவைத் திறந்ததுமே, "யார் காலில் சுளுக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேனே தவிர விளக்கம் சொல்லவில்லை. அந்த நெடி அவரைப் பேசவைத்தது. அவர் கணவருக்கு முழங்கால் வலி; பதினோரு ஆண்டுகள் இரவுதோறும் தைலம் தேய்த்துவிட்டது இவர்தாம். தலையணை உறையில், போர்வையில், நாளிதழில்கூட அந்த வாசனை ஏறியிருக்குமாம். "தேய்க்கும்போது ஊர் வம்பெல்லாம் பேசுவார், தேய்த்து முடிந்ததும் தூங்கிவிடுவார்" என்றார். துக்கத்துக்குப் பின் அவர் அவ்வளவு இயல்பாகப் பேசி நான் கேட்டதில்லை.

பேச்சு நடந்துகொண்டிருக்கையில் நேரம் போனதை நான் கவனிக்கவில்லை. திடீரென்று அவர் பேச்சு நின்றது. எழுந்து சென்று ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து உட்காராமலே, "வீட்டில் ரஜனிகந்தா யார் வைத்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கணவரின் உடலைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று, வந்தவர் அனைவரும் இந்த ஊர் வழக்கப்படி ரஜனிகந்தாக் கொத்துகளையே கொண்டுவந்தனர். கால்மாட்டில் அவை குவிந்து கிடந்தன. நானும் ஒரு கொத்து வைத்தேன். அதன் பிறகு அந்த வீட்டில் அப்பூ நுழைந்ததில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். குழாயடியில் சோப்பிட்டுக் கையைக் கழுவினேன். பூ போகவில்லை, தோலோடு ஒட்டிவிட்டிருந்தது. விடைபெற எழுந்தபோது மாஷிமா என் கையைப் பிடித்து, "முதலில் வந்த வாசனை அவருடையது. பிறகு வந்தது அந்த நாளுடையது" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, அவ்விரண்டு வாக்கியங்களை நான் பல நாள் எண்ணிப் பார்த்தேன். வாசனை அறிந்தோர் பலரும் இந்தத் திரவியத்தில் தாங்க முடியாதது தொடக்கம் என்றும், அதைப் பொறுத்துக்கொண்டால் பின்னால் இனிமை பரிசாகக் கிடைக்கும் என்றும் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். மாஷிமாவுக்கோ அந்த மருந்து நெடியே ஆறுதல். இனிய பூவே தாங்க முடியாதது. புட்டியில் உள்ள பொருள் இருவருக்கும் ஒன்றுதான். எது நறுமணம், எது நெடி என்ற தீர்ப்பைப் புட்டி வழங்குவதில்லை. முகர்பவரின் வாழ்க்கையே வழங்குகிறது. ஆகவே குற்றவாளி என்ற பட்டத்தைச் சம்பங்கிக்குச் சூட்டுவது நியாயமன்று. அரை மணிக் கணக்கை என் மூக்குக்கு மட்டும் போட்டுவைத்த நானே அன்று அதற்கு உரியவள்.

ஆடையும் நகையும் நம் உடம்போடு நின்றுவிடும். பிறர் விரும்பினால் பாராமல் இருக்கலாம். வாசனை அவ்வாறன்று. அது நம்மை விட்டுப் புறப்பட்டு, அனுமதி கேளாமல் பிறர் மூச்சில் நுழைகிறது. மூச்சோடு நினைவிலும் நுழைகிறது. வேற்றூரில் வாழும் நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அண்டை வீட்டாரின் மொழியைக் கற்றுக்கொள்கிறோம், பண்டிகைகளைத் தெரிந்துகொள்கிறோம். அவ்வீட்டில் எந்தப் பூவுக்கு என்ன நினைவு என்பதையும் மெல்லக் கேட்டு அறிவது நல்லது. அதற்காக வாசனையைத் துறக்க வேண்டியதில்லை. ரயில் பெட்டியிலும் மின்தூக்கியிலும் நோயாளியின் அறையிலும் அதைத் தவிர்த்து, மற்ற வேளைகளில் அளவோடு பூசிக்கொண்டால் போதும்.

நான் அந்தப் புட்டியை இன்னும் வைத்திருக்கிறேன். மாஷிமா வீட்டுக்குப் போகும் நாளில் பூசிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். இரண்டு வாரம் சென்றபின் அவரே அதைக் கேட்டார். "அந்தத் தைலம் இருக்கிறதா? இருந்தால் பூசியதும் வா. ஆனால் அரை மணிக்குள் எழுந்து போய்விட வேண்டும்" என்றார்.

இருமுறை அவ்வாறே போய்வந்தேன். கடிகாரத்தை அவரே பார்த்துக்கொண்டார்.