சுருண்டு கொள்ளும் உயிர்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீங்க விலங்கியல் படிச்சவர், நம்ம மலையில இருக்கிற ஜீவராசிகளைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். புலி, யானை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் ஆரம்பிக்கப் போவது சுண்டு விரல் நகத்தளவு உள்ள ஒரு ஜீவனிலிருந்து.

மழை விட்ட மறுநாள், கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைப் பக்கம் போகிறவர்கள், மர நிழலில் ஈரமாய்க் கிடக்கும் கல்லை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுப் பூந்தொட்டியை நகர்த்தினாலும் போதும். சாம்பல் நிறத்தில், வரி வரியாக ஓடு போர்த்திய சிறு உயிர்கள் தென்படும். சில ஓடும். சில தொட்டவுடன் மிளகு மாதிரி உருண்டுவிடும். ஆங்கிலத்தில் 'உட்லௌஸ்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் மரப்பேன். உண்மையில் இது பேனும் இல்லை, பூச்சியும் இல்லை. பூச்சிக்கு 6 கால், இதற்கு 14. இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. கடலை விட்டுக் கரையேறி, நிலத்திலேயே குடித்தனம் போட்டுவிட்ட ஓட்டுடலி.

கரையேறினாலும் கடலை முழுசாக விடவில்லை. மூச்சு விடுவது வயிற்றுப் பக்கத்தில் உள்ள தகடுகளால். அவை காயக் கூடாது. தாய் தன் அடிவயிற்றில் நீர் நிறைந்த ஒரு பையில் முட்டைகளைச் சுமக்கிறது. குஞ்சுகள் அந்தக் குட்டிக் கடலிலேயே பொரிந்து வெளியே வருகின்றன. தோலை உரிக்கும்போதும் ஒரேயடியாக உரிப்பதில்லை. முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி.

உலகம் முழுவதும் இதில் சுமார் 4,000 இனங்கள் உண்டு. உடல் அமைப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நீண்ட காலோடு ஓடுகிறவை, தட்டையாகப் பாறையில் ஒட்டிக்கொள்கிறவை, உருண்டு கொள்கிறவை, முதுகில் முள் வைத்திருப்பவை என்று பல ரகம். எறும்புப் புற்றுக்குள்ளேயே வாழும், கண்ணில்லாத வெள்ளை இனங்களும் உண்டு. வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா பாலைவனங்களில் உள்ள ஓர் இனம் ஆணும் பெண்ணும் ஜோடியாக வளை தோண்டி, பிள்ளைகளோடு குடும்பமாக வாழ்கிறது. தன் வீட்டுப் பிள்ளை எது, அடுத்த வீட்டுப் பிள்ளை எது என்று வாசனையால் கண்டுபிடித்துவிடும்! இந்தியாவில் இவற்றைப் பற்றி 1914 முதல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் கோலிஞ்ச் என்ற ஆங்கிலேயர் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். காட்டில் உதிர்ந்த சருகைக் கடித்துப் பொடியாக்குவது இதன் வேலை. அந்தப் பொடியைப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மண்ணாக்குகின்றன. சம்பளம் கேட்காத துப்புரவுத் தொழிலாளி. ஒரு தீக்குச்சி கிழித்துச் சருகைக் கொளுத்தினால், சருகோடு இவர்களும் போய்விடுவார்கள்.

இப்போது பாலூட்டிகளுக்கு வருகிறேன். சருகைக் கிளறிப் பூச்சி, மண்புழு தின்று வாழும் ஒரு பிராணி நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இருக்கிறது. பார்த்தால் அணில் மாதிரியே இருக்கும். ஆனால் முதுகில் மூன்று கோடு இல்லை. மூக்கு கூராக நீண்டிருக்கும். தோளில் வெளிறிய ஒரு கீற்று. பெயர் மூங்கில் அணத்தான், மூங்கணத்தான் என்றும் சொல்வார்கள். உறவு முறையில் இது அணிலே இல்லை. தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. நமக்கு அண்டை மலையான சேர்வராயனில் இதன் நடத்தையைக் கவனித்து எழுதிய ஆய்வு 1975-ல் வெளிவந்தது.

இதன் அறிவியல் பெயரைக் கேளுங்கள்: 'அனதானா எல்லியோட்டி'. இரண்டாம் பாதி, சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் துரையின் பெயர், 1850-ல் வைத்தது. முதல் பாதி, 1913-ல் லையன் என்ற அமெரிக்கர் வைத்தது. அது நம் 'அணத்தான்'தான்! யாரோ ஒரு தமிழர், காட்டைத் தெரிந்தவர், "இதுக்குப் பேரு மூங்கில் அணத்தான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் லத்தீனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

அடுத்து, மரப்பேனைப் போலவே சுருண்டு கொள்ளும் இரண்டு பெரியவர்கள். ஒன்று அழுங்கு என்கிற எறும்புத்தின்னி. பல்லே கிடையாது, நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் வழித்துத் தின்னும். உடம்பெல்லாம் செதில். இன்னொன்று தென்னிந்தியாவுக்கே உரிய முள்ளெலி. மேட்டுக்காட்டிலும் புதர்க்காட்டிலும் வாழ்வது. இரண்டும் ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுவிடும்.

இந்த வித்தை பெரிய மிருகங்களிடம் பலிக்கும். மனிதனிடம் பலிக்காது. சுருண்ட அழுங்கு ஓடாது, கடிக்காது. சாக்கில் போட்டுக் கட்டத் தோதாக இருக்கும், அவ்வளவுதான். நம் நகம் எந்தப் பொருளோ அதே பொருளால் ஆனதுதான் அதன் செதிலும். அதை மருந்து என்று நம்பி விலை கொடுக்கிறார்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தருகிறது. 2016-ல் உலக நாடுகள் கூடி எட்டு வகை எறும்புத்தின்னிகளின் சர்வதேச வியாபாரத்தையும் தடை செய்தன. முள்ளெலியின் முள்ளும் கைவைத்தியத்துக்கென்று எடுக்கப்படுகிறது. மரப்பேனுக்கும் இப்போது விலை வந்துவிட்டது. தாய்லாந்தின் சுண்ணாம்புக் குகைகளில் கிடைத்த அழகான இனங்கள், அறிவியல் பெயர் வைக்கும் முன்பே வளர்ப்புப் பிராணியாக வெளிநாடுகளுக்குப் போய்விட்டன.

ஆக, சுருண்டு கொள்வதைத் தவிர வேறு வழி தெரியாத உயிர்களுக்கு, அவற்றை அடையாளம் தெரிந்த மனிதர்கள்தான் காவல். தேவாங்கைப் பாருங்கள். அபசகுனம் என்று விரட்டப்பட்ட பிராணி. ஆராய்ந்தார்கள், பேசினார்கள், 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் தேவாங்கு சரணாலயம் வந்தது. இந்தியாவிலேயே அதற்கென்று வந்த முதல் சரணாலயம்.

நாங்கள் படித்தபோது தென்னாற்காடு மாவட்டம். பிறகு விழுப்புரம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. மாவட்டத்தின் பெயர் இரண்டு முறை மாறியும் மலை அங்கேயேதான் இருக்கிறது. மாணவத் தம்பி தங்கைகளுக்கு என் கோரிக்கை இதுதான். விலங்கியல் துறையில் ஒரு பதிவேடு வையுங்கள். வெள்ளிமலைப் பக்கம் போனால் அங்குள்ள மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "ஐயா, இதுக்கு நீங்க என்ன பேரு சொல்வீங்க?" சொன்ன பெயர், சொன்னவர் பெயர், தேதி, இடம் நான்கையும் எழுதுங்கள். அணத்தான் என்று சொன்னவரின் பெயர் நம்மிடம் இல்லை. அந்தக் குறை இனி வேண்டாம். சருகுக்குத் தீ வைக்கிறவரைப் பார்த்தால் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். புரட்டிய கல்லை மறக்காமல் இருந்தபடியே திருப்பி வையுங்கள். அது ஒரு வீட்டின் கூரை.