போத்தலின் பின்பக்கம்

கண்டியிலிருந்து திகன பக்கமாகப் போகும் வழியில் இருக்கிறது குண்டசாலை. மதுரையிலிருந்து அரசியரை வரவழைத்த ஸ்ரீ வீர நரேந்திரசிங்க மன்னன் இங்கே மாளிகை கட்டித் தங்கியதால் மக்கள் வாயில் 'குண்டசாலை ராசா' ஆனான். கடல் கடந்த உறவு இவ்வூருக்குப் புதிதல்ல. இன்று இந்தப் பக்கத்துச் சமையலறைகளுக்கும் இத்தாலிய ஒலிவ் எண்ணெய் வரத் தொடங்கிவிட்டது. தேங்காயெண்ணெயைவிடப் பல மடங்கு விலை. அந்தக் காசை யாரை நம்பிக் கொடுப்பது? இத்தாலியின் பெயரை நம்பி அல்ல, அதை இங்கே இறக்குபவரின் பெயரை நம்பி என்பதே என் பதில்.

ஒலிவ் எண்ணெய் விற்பவர்கள் குடும்பத்தை முன்னே நிறுத்துவது வழக்கம். போத்தலில் பாட்டனாரின் பெயர், அடியில் ஓர் ஆண்டு. இத்தாலியின் லூக்கா நகரில் 1865இல் தொடங்கிய பெர்டோலி என்ற பெயர், 2008இல் யுனிலீவரிடமிருந்து ஒரு ஸ்பெயின் நிறுவனத்துக்குக் கைமாறியது. அதே லூக்காவின் பிலிப்போ பெரியோ எண்ணெயைத் தயாரிக்கும் நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்க 2014இல் சீனாவின் பிரைட் ஃபூட் குழுமம் உடன்பட்டது. இதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் பாட்டனாரின் பெயர் இன்றைய தரத்துக்குப் பிணை நிற்காது. எண்ணெயின் கதையும் இதுதான். உலகில் அது மிகுதியாக உற்பத்தியாவது ஸ்பெயினில். இத்தாலிய நிறுவனங்கள் ஸ்பெயின், கிரேக்கம், துனீசியா எண்ணெய்களையும் வாங்கிக் கலந்து அடைக்கின்றன. அதனால்தான் எந்த நாட்டு எண்ணெய் என்பதை அச்சிடும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கட்டாயமாக்கியது. முன்பக்கம் இத்தாலியக் கொடி நிற்கும். பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'ஐரோப்பிய ஒன்றிய எண்ணெய்களின் கலவை' என்றிருக்கும். 2010இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் சோதித்த இறக்குமதி 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' மாதிரிகளில் 69 சதவீதம் சுவை, மணச் சோதனையில் தேறவில்லை. அந்த ஆய்வுக்கு கலிபோர்னிய உற்பத்தியாளர்களும் பணம் கொடுத்தார்கள், மாதிரிகளும் குறைவு என்று சிலர் ஆட்சேபித்தார்கள்; நியாயம்தான். ஆனாலும் வெளிச்சமும் வெப்பமும் நாட்களும் ஒலிவ் எண்ணெயைக் கெடுக்கும் என்பதை யாரும் மறுப்பதில்லை. கொள்கலனில் கொழும்புக்கு வந்து, கடுகண்ணாவை ஏற்றம் ஏறி, கடை விளக்கின் கீழ் மாதக்கணக்கில் நிற்கும் போத்தலுக்கு லூக்காவில் இருப்பவர் என்ன பொறுப்பு ஏற்பார்?

பொறுப்பு இறக்குமதியாளருடையது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அஃப்ளடொக்சின் என்ற நச்சு இருப்பது தெரிந்தபோது, சரக்கை இறக்கியவர்கள் யாரென்று பதிவில் இருந்தது. அதனால்தான் திருப்பி அனுப்பும்படி அவர்களுக்கே உத்தரவிட முடிந்தது. அதே எண்ணெய் கடைப் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்பட்டிருந்தால் யாரைப் பிடிப்பது? குடும்பமாக நடக்கும் சிறிய இறக்குமதி நிறுவனத்துக்கு இதில் ஒரு பலம் உண்டு. நூறு பொருட்களை இறக்கும் பெருநிறுவனத்துக்கு ஓர் எண்ணெய் கெட்டால் அது கணக்கில் ஒரு வரி. ஒலிவ் எண்ணெய், பாஸ்டா, தக்காளி டின் என்று நாலைந்தையே விற்கும் குடும்பத்துக்கு அதுதான் மானமும் பிழைப்பும்.

பெரிய நிறுவனத்திடம் ஆய்வுகூடம் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. குடும்பக்காரர்களும் ஏமாற்றலாம், ஏமாறலாம், அதுவும் உண்மை. குடும்பம் என்றாலே நேர்மை என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்க ஒரு முகவரி வேண்டும் என்கிறேன். தேங்காய் விளையும் நாட்டில் இது எதற்கு என்பவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. தாளிக்கவும் பொரிக்கவும் நம் தேங்காயெண்ணெயே போதும். விலைகொடுத்து ஒலிவ் எண்ணெய் வாங்கிப் பருப்புவடை சுடுவது, மன்னிக்கவும், வீண் செலவு. சலாட்டுக்கென்று வாங்குகிறவர்கள் நிறம் கூடிய கண்ணாடிப் போத்தலாகப் பார்த்து எடுங்கள். எடுத்ததைத் திருப்பி, எங்கே விளைந்தது, எப்போது அடைத்தது, இலங்கையில் இறக்கியவர் யார் என்று வாசியுங்கள். இறக்கியவரின் பெயரும் முகவரியும் இல்லையென்றால், இருந்த தட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.